ஹோயா பூக்க வேண்டுமா? சமவெளி வெயிலில் வளர்ப்பவர்களுக்கு

மெழுகில் செய்ததுபோன்ற பூக்களைக் கொத்தாகத் தரும் கொடி ஹோயா. அதன் வளர்ப்பு பற்றித் தேடினால் வந்து விழும் குறிப்புகளில் பெரும்பகுதி குளிர்நாட்டில் ஜன்னலோரம் செடி வைத்திருப்பவர்கள் எழுதியவை. தெற்கு ஜன்னலில் வையுங்கள், ஹீட்டர் காற்று படாமல் பாருங்கள், குளிர்காலத்தில் விளக்கு போடுங்கள் என்று அடுக்குவார்கள். அவர்களுக்கு வெயில் பற்றாக்குறை. நமக்கோ சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும்தான் பிரச்சினை. அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் சென்னை பால்கனியில் இலை கருகும், அல்லது வேர் அழுகும். பூவைக் கண்ணால் பார்ப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குப் போதும், நீங்களும் படவேண்டியதில்லை.

கீழே உள்ளவை சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களில் அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பவர்களுக்கானவை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்கள் முதல் பகுதியையும் தண்ணீர்க் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

1. இனத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஹோயாவில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே குணம் இல்லை. படத்தில் அழகாக இருக்கிறது என்று வாங்கினால் முதல் கோடையிலேயே தெரிந்துவிடும்.

சமவெளிச் சூட்டைத் தாங்குபவை: பியூபிகேலிக்ஸ், லாகுனோசா, ஆஸ்திராலிஸ், பாரசிட்டிகா, டைவர்சிஃபோலியா, மல்டிஃப்ளோரா. முதல் செடிக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொறுமை குறைந்தவர்களுக்கு லாகுனோசாவும் மல்டிஃப்ளோராவும்தான் சரி. இரண்டும் சிறு செடியாக இருக்கும்போதே பூக்கக்கூடியவை. லாகுனோசாவின் பூ பொடிசு, ஆனால் இரவில் பட்டை வாசனையோடு மணக்கும். பியூபிகேலிக்ஸ் வேகமாகப் படரும். அடர்ந்த இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

தவிர்க்க வேண்டியவை: லினியாரிஸ், பெல்லா. லினியாரிஸ் இமயமலைப் பகுதிக்காரி. சென்னையின் மே மாதத்தை அதனிடம் எதிர்பார்ப்பது கொடுமை. எல்லோரும் முதலில் கேட்கும் கார்னோசா இங்கே உயிரோடு இருக்கும், இலையும் தரும். ஆனால் இரவுக் குளிர் கிடைக்கும் பெங்களூரிலும் மலை ஊர்களிலும் பூக்கும் அளவுக்கு இங்கே பூக்காது.

ஒற்றை இதய வடிவ இலையைச் சிறு தொட்டியில் நட்டு, காதலர் தினத்தை ஒட்டி விற்பார்கள். அது ஹோயா கெர்ரியின் இலை. கணு இல்லாமல் வெறும் இலையை மட்டும் நட்டால் வேர் விடும், ஆண்டுக்கணக்கில் பச்சையாகவும் இருக்கும், கொடி வராது. கொடி இல்லாமல் பூவும் இல்லை. பரிசுப் பொருளாக வாங்குங்கள், செடியாக வாங்காதீர்கள்.

2. எங்கே, எப்போது, என்ன விலைக்கு

பக்கத்து நர்சரியில் ஹோயா கிடைப்பது அரிது. கிடைத்தால் பெயர் தெரியாமல் "வேக்ஸ் பிளான்ட்" என்று ஒன்று தொங்கும்; பெரும்பாலும் கார்னோசா. வகைகள் வேண்டுமென்றால் திருச்சூரை அடுத்த மண்ணுத்தி, மேற்கு வங்காளத்தின் காலிம்போங் பக்கமிருந்து கூரியரில் அனுப்பும் வளர்ப்பாளர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். காலிம்போங் மலை ஊர். அங்கே குளிரில் வளர்ந்த செடி இங்கே வந்ததும் சில இலைகளை உதிர்க்கும். பதற்றப்பட வேண்டாம்.

விலை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். சாதாரண வகைகளில் வேர்பிடித்த சிறு செடி 250 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். வேர் இல்லாத கொடித்துண்டு அதில் பாதி. கூரியர் செலவு தனி. வெள்ளை, மஞ்சள் வரிகள் ஓடிய இலைகள் கொண்ட வகைகளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இலையில் பச்சை குறைந்தால் வளர்ச்சியும் மெதுவாகும், எனவே பூவுக்காக வளர்ப்பவர் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கொடித்துண்டா, வேர்பிடித்த செடியா? புதியவர் என்றால் செடியே வாங்குங்கள். கொடித்துண்டு வேர் விட மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அழுகிப் போகும் வாய்ப்பும் உண்டு. மிச்சம் பிடிக்கும் நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு பருவத்தை இழக்க வேண்டாம்.

விதையாக யார் விற்றாலும் வாங்காதீர்கள். நீல நிறப் பூப்பந்தின் படத்தைப் போட்டு, நூறு விதை இத்தனை ரூபாய் என்று விளம்பரம் வரும். ஹோயா விதை காயிலிருந்து எடுத்த சில நாட்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கிவிடும். பாக்கெட்டில் அடைத்து மாதக்கணக்கில் விற்கும் சரக்கே அல்ல அது. படத்தில் உள்ள நீலம் கணினியில் பூசியது.

வாங்கும் காலம் ஆடி, ஆவணி, அல்லது தை, மாசி. ஏப்ரல், மே மாதங்களில் கூரியர் வண்டிக்குள் செடி வெந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பார்சல் எங்காவது தேங்கி நின்றால் ஈரத்தில் அழுகும். அனுப்புகிறவரிடம் திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் பெட்டி ஞாயிறைக் கிடங்கில் கழிக்கும்.

3. பில், வீடியோ, பெயர்ச்சீட்டு, அனுமதி

செடிக்கு என்ன காகிதம் என்று தோன்றும். நான்கு இருக்கின்றன.

முதலாவது, பெட்டியைப் பிரிக்கும் வீடியோ. பெரும்பாலான விற்பனையாளர்கள் இது இல்லாமல் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, கத்தரிப்பது முதல் வேரைக் காட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே பதிவாக இருக்க வேண்டும். எனக்கு அழுகிய தண்டு வந்தபோது புகைப்படங்களை அனுப்பினேன். "வீடியோ இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது. எத்தனை மணி நேரத்துக்குள் புகார் சொல்ல வேண்டும் என்பதையும் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பில்லும் உரையாடலும். என்ன இனம் என்று சொல்லி விற்றார் என்பதற்கு அதுதான் ஆதாரம். பூக்கும் வரை பல இனங்களை இலையை வைத்துப் பிரித்தறிவது கடினம். பூத்த பிறகுதான் வேறு செடி என்று தெரியவரும்.

மூன்றாவது, பெயர்ச்சீட்டு. இனம், வாங்கிய தேதி, தொட்டி மாற்றிய தேதி மூன்றையும் பென்சிலால் எழுதித் தொட்டியில் செருகுங்கள். மார்க்கர் பேனா எழுத்து நம் வெயிலில் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது.

நான்காவது, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி. கம்பிக்கு வெளிப்புறம் தொட்டி தொங்கவிடப் பல குடியிருப்புகளில் தடை உண்டு. செடியைத் தொங்கவிட்டு, கொடி கம்பியைச் சுற்றிய பிறகு "எடுங்கள்" என்றால் கொடியை அறுத்துத்தான் எடுக்க முடியும். முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உட்புறமாகத் தொங்கவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வரவழைக்கும் ஆசை சிலருக்கு இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, நடவுக்கான செடியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சுற்றுலா போனவர் பெட்டிக்குள் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டுவரும் கொடித்துண்டுக்கும் இதே விதிதான். அதேபோல, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹோயா வைட்டி, ஹோயா பௌசிஃப்ளோரா போன்றவை மரங்களில் தொற்றி இயல்பாக வளர்கின்றன. மலையேறும்போது கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள். காப்புக் காட்டிலிருந்து ஒரு கணுவைக்கூடக் கிள்ளக் கூடாது.

4. தொட்டியும் கலவையும்

ஹோயாக்களில் பெரும்பாலானவை காட்டில் மரத்தைப் பற்றி வளர்பவை. அவற்றின் வேர் மழையில் நனையும், அடுத்த காற்றில் உலரும். செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த வழக்கமான தொட்டி மண்ணில் இவற்றை நட்டால் முதல் மழைக்காலத்தோடு கதை முடியும்.

எனக்குக் கைகொடுத்த கலவை: தேங்காய் மட்டைத் துண்டுகள் மூன்று பங்கு, பெர்லைட் (பொரிபோல் லேசான வெள்ளை எரிமலைக் கல்) இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. மட்டைத் துண்டுகளையும் நார்க்கழிவையும் வாளியில் ஊறப்போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். முதல் நீர் தேநீர் நிறத்தில் இறங்கும். கடலோரப் பகுதி மட்டையில் உப்பும் இருக்கும். கழுவாமல் போட்டால் இலை நுனி கருகும், காரணம் புரியாமல் நீங்கள் உரத்தைக் குறை சொல்வீர்கள்.

தொட்டி சிறியதாக இருக்கட்டும். சிறு செடிக்கு நான்கு அங்குலம் போதும். வேர் தொட்டியை நிறைத்த பிறகு ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள். பெரிய தொட்டியில் கலவை உலர நாளாகும், வேர் அழுகும். மண்தொட்டியா, பிளாஸ்டிக்கா என்றால், கோடையில் மண்தொட்டி காலையில் ஊற்றிய நீரை மாலைக்குள் உறிஞ்சிவிடும். ஐப்பசியில் அதே குணம் செடியைக் காப்பாற்றும். தினமும் கவனிக்க முடியாதவர்களுக்குப் பக்கவாட்டிலும் துளை உள்ள பிளாஸ்டிக் தொட்டியே நல்லது.

கலவைப் பொருட்கள், தொட்டி, தொங்கும் கொக்கி, கொடி ஏற்றக் கம்பி வளையம், உரம் எல்லாம் சேர்த்து முதல் செலவு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே போகும். செடி விலை தனி. நார்க்கழிவுக் கட்டி ஒன்றே பல தொட்டிகளுக்கு வரும் என்பதால் நண்பர்களோடு பங்கு போட்டால் செலவு குறையும்.

5. வெளிச்சம்: உங்கள் பால்கனி எந்தப் பக்கம்?

பூக்காத ஹோயாவுக்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. வரவேற்பறை மூலையில், நாற்காலிக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி வைத்த செடி இலையோடு அழகாக இருக்கும், பூக்காது. இதில் சமரசம் கிடையாது.

ஆனால் எவ்வளவு வெளிச்சம், எந்த நேரத்து வெளிச்சம் என்பதைத் திசைதான் தீர்மானிக்கிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் நடு வரை நமக்கு வடக்கே சாய்ந்து போகும். மதுரை, நெல்லைப் பக்கம் இது சில நாள் முன்னதாகத் தொடங்கிச் சில நாள் பிந்தி முடியும். இந்த ஒரு விஷயம் குளிர்நாட்டுக் குறிப்புகள் அத்தனையையும் புரட்டிப்போடுகிறது.

தெற்குப் பார்த்த பால்கனிக்கு அக்னி நட்சத்திரத்தின்போது மேல்தளத்து நிழல் கிடைக்கும், வெளிச்சமும் குறையாது. ஐப்பசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்வதால் மிதமான நேர்வெயில் உள்ளே வரும். ஹோயாவுக்கு இது மிக நல்ல இடம். மார்கழியில் நண்பகலில் இலை வெளிறினால் ஓரடி உள்ளே தள்ளுங்கள், போதும்.

கிழக்கு எளிதானது. பத்து மணி வரையிலான வெயில் பட்டு, பிறகு நிழல். யோசிக்காமல் வைக்கலாம்.

வடக்குப் பால்கனி ஏமாற்றும். மே, ஜூன், ஜூலையில் காலையிலும் மாலையிலும் சரிந்த வெயில் உள்ளே வரும். அப்போது செடி துள்ளும். ஐப்பசியிலிருந்து தை வரை ஒரு கீற்றுகூட வராது. வடக்கு மட்டுமே இருப்பவர்கள் மழைக்காலத்தில் செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் வளர்ப்பு விளக்கு ஒன்றைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம்.

மேற்கு மோசம். இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அடிக்கும் வெயிலோடு, சூடேறிய சுவரும் தரையும் இரவு வரை அனல் கக்கும். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டாமல் அங்கே வைக்காதீர்கள்.

திசை புரியவில்லை என்றால், நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு கூர்மையான கருநிழல் விழுந்தால் வெயில் அதிகம். விரல்கள் தெரிகின்றன, ஆனால் விளிம்பு மங்கல் என்றால் பொருத்தம். நிழலே இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். இலையும் சொல்லும்: கரும்பச்சையாகி, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டால் வெளிச்சம் போதவில்லை; இளமஞ்சளும் லேசான சிவப்பும் ஏறினால் பூக்கத் தயாராகும் வெளிச்சம்; காகிதம் போன்ற பழுப்புத் திட்டு விழுந்தால் கருகல். புது இடத்துக்கு மாற்றும்போது இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

6. தண்ணீர்

நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். முற்றிய இலை ஒன்றை மெதுவாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். எளிதாக வளைந்தால் ஊற்றலாம். மே மாதத்தில் இது இரண்டு நாளுக்கு ஒரு முறை வரும், அடைமழையில் பத்து நாளுக்கு மேலும் தள்ளும். ஊற்றினால் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள். தட்டில் நீர் நிற்கவிடாதீர்கள். வேருக்கும் கெடுதல், ஏடிஸ் கொசுவுக்கும் அதுதான் பிள்ளைப்பேற்று மனை.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் அதிகம். அதில் உப்பு செறிந்திருக்கும். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும்தான் உண்டென்றால், மாதம் ஒரு முறையாவது மழைநீரோ வடிகட்டிய நீரோ தாராளமாக ஊற்றிக் கலவையை அலசிவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கண்டால் உடனே செய்ய வேண்டிய வேலை இது.

மழை தொடர்ந்தால் செடியை உள்ளே எடுங்கள். மார்கழி, தையில் இலை சற்றே துவளும்வரை காக்கவைத்து ஊற்றுங்கள். இந்தச் சிறு வறட்சி பல இனங்களைப் பூக்கத் தூண்டும்.

7. உரம்

குறைவே நிறைவு. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மாசி முதல் இரண்டு மூன்று தடவை அதற்குப் பதிலாக, தழைச்சத்து இல்லாத 0:52:34 உரம் அதே அளவில். ஈரக் கலவையில் மட்டும் ஊற்றுங்கள். வாழைப்பழத்தோல் கரைசல், கடுகுப் பிண்ணாக்கு, அரிசி கழுவிய நீர் ஆகியவை மண்ணில் வளரும் செடிக்குச் சரி. மட்டைத் துண்டுக் கலவையில் அவை நாறும், ஈ மொய்க்கும்.

8. கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்

இலையே இல்லாமல் நீளமான, மெலிந்த கொடி ஒன்று காற்றில் ஆடும். காய்ந்தது என்று நினைத்து வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். பற்றிக்கொள்ள இடம் தேடி நீளும் கொடி அது. இலையும் பூக்காம்பும் பின்னால் அதில்தான் வரும். அது சுற்றும் போக்கிலேயே கம்பி வளையத்தில் ஏற்றிவிடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒரே இரவில் அவிழ்ந்து நிற்கும்.

பூக்காம்பு இன்னும் முக்கியம். கணுவிலிருந்து சிறு முளையாகப் புறப்பட்டு, ஓரிரு அங்குலம் நீண்டு, நுனி சற்றுத் தடித்து நிற்கும். அந்த நுனியில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை மொட்டுகள் நெருக்கமாகத் தோன்றும். பூத்து உதிர்ந்த பிறகு காம்பு வெறும் குச்சியாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் நுனியில் வரிசை வரிசையாகத் தழும்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பூ இருந்த இடம். அதே நுனியிலிருந்துதான் அடுத்த கொத்து வரும், அதற்கடுத்ததும் வரும். சுத்தம் செய்கிறேன் என்று அதைக் கிள்ளினால், புதுக் காம்பு உருவாகிப் பூக்க மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் செடியைத் தொடும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள், குறிப்பாக ஊரிலிருந்து வரும் கைராசிக்கார அத்தையிடம். சில இனங்கள் தாமாகவே காம்பை உதிர்க்கும். அதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

வேர்பிடித்த சிறு செடி பூக்கப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு ஆகும். லாகுனோசா, மல்டிஃப்ளோராவில் இது குறையும். கெர்ரியில் கூடும்.

9. பூச்சி

எருக்கும் ஹோயாவும் ஒரே குடும்பம். எருக்கஞ்செடியில் அப்பியிருக்கும் அதே மஞ்சள் அசுவினி ஹோயாவின் இளந்தளிருக்கும் மொட்டுக்கும் வரும். எறும்பு ஏறத் தொடங்கினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ எங்கோ இருக்கிறது என்று பொருள். கணு இடுக்கிலும் இலையடியிலும் தேடுங்கள். சிறிதளவு என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். அதிகமென்றால் லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள், வாரம் ஒரு முறையாக மூன்று வாரம். மொட்டின் மேல் படக்கூடாது. கொடியை முறித்தால் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மொட்டு வந்த பிறகு

மொட்டு தெரிந்ததிலிருந்து மலர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில் மூன்றைச் செய்யாதீர்கள்: இடம் மாற்றாதீர்கள், தொட்டி மாற்றாதீர்கள், தண்ணீரை மறக்காதீர்கள். கலவை முற்றிலும் காய்ந்தாலும், அனல்காற்று அடித்தாலும் மொட்டுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிரும். காம்பு பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம், அது மறுபடி மொட்டு வைக்கும்.

மலர்ந்த கொத்து இனத்தைப் பொறுத்துச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை நிற்கும். மணம் இரவில்தான் ஏறும். சில இனங்களின் மணம் அடைத்த அறையில் தலைவலி தரும் அளவுக்குக் கனமானது, எனவே படுக்கையறைக்கு முன்னால் தொங்கவிடுமுன் ஓர் இரவு முகர்ந்து பாருங்கள். பூவிலிருந்து தேன் சொட்டும். கீழே துவைத்த துணி காயப்போட வேண்டாம், தரையில் பழைய செய்தித்தாள் விரியுங்கள். பூக்கள் தாமாக உதிரும்வரை விடுங்கள். உதிர்ந்ததும் காம்பை ஈரத்துணியால் துடைத்தால் எறும்பு குறையும். தொட்டி மாற்ற வேண்டியிருந்தால் கொத்துகள் எல்லாம் முடிந்த பின் ஆடியில் மாற்றுங்கள். மழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும்.